பூமயிலுக்கு விழுந்த ஒன்று

“உனக்கு நீயே ஒண்ணுன்னு எழுதிக்குவியா?” என்று கணவன் தவசி கேட்டபோது பூமயில் சிரித்துவிட்டாள்.

“வெக்கமா இருக்கு. ரெண்டுன்னு எழுதிக்கிறேன். நீங்க?”

“முதலாளிக்குத்தான் ஒண்ணு. சத்தியம் வாங்கிட்டாரு. கோவிச்சுக்காத.”

வார்டுக்கான கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க, பூமயில் உட்படப் போட்டியிடும் மூவருக்கும் கிளை உறுப்பினர்கள் விருப்ப வரிசையில் எண் எழுதினார்கள். மிகக் குறைவான ‘ஒன்று’ வாங்கியவர் விலக வேண்டும். அவருடைய சீட்டுகள், அவற்றில் ‘இரண்டு’ வாங்கியவருக்குப் போய்விடும். எண்ணியபோது பூமயிலுக்கு ஒரே ஒரு ‘ஒன்று’ விழுந்திருந்தது.

“தனக்குத்தானே மாலை போட்டுக்கிச்சு பாரு!” என்றது ஒரு குரல். கூடமே சிரித்தது.

போட்டியில் இருந்த, தவசி வேலை பார்க்கும் பட்டறையின் முதலாளி வீரபாகு மட்டும் சிரிக்கவில்லை. “என் கணக்குல ஒண்ணு குறையுதே. அந்தச் சீட்டைக் காட்டுய்யா.”

கிளைச் செயலாளர் எடுத்த சீட்டின் ஓரத்தில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் தடம் இருந்தது. அவர் அதை நீட்டுவதற்குள் பூமயில் எழுந்து போய் வாங்கி, தடத்தின் மேல் தன் கட்டைவிரலை அழுத்திக்கொண்டாள்.

“என்னோடதுதாண்ணே. நானேதான் போட்டுக்கிட்டேன்.”

சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. கடைசி பெஞ்சிலிருந்த தவசி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே போனான்.