எலும்புப் பிடி

"உமக்குக் கடைசியாச் சொல்லுறன், பிள்ளை. இண்டையோடை இந்தக் கத்தி வேலையை நிப்பாட்டும்."

மேல்மாடியில் குடியிருக்கும் தர்மலிங்கம் அறை வாசலில் நின்றபடியே சொன்னார். அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டு யோசேப்பு, கையில் ஒரு கடிதத்தோடு.

ஒஸ்லோவில், ட்வெய்ட்டா அடுக்குமாடி ஒன்றின் நிலக்கீழ் அறை அது. 2004ஆம் ஆண்டு. கிருஷ்ணகுமாரி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடித்து வந்தால், பொழுதுபடும்வரை அங்கேதான் இருப்பாள். பழைய வாள் அலகு, அரம், துருப்பிடித்த கத்தி என்று எது கிடைத்தாலும் அரைத்தெடுப்பாள். குறொன்லாண்ட் இறைச்சிக் கடையில் கழித்துவிடும் மாட்டெலும்பை அவித்துக் காயவைத்து, அறுத்து, பித்தளை ஆணி அடித்துப் பிடி போடுவாள். பார்க்க முரட்டு வேட்டைக் கத்தி மாதிரி இருக்கும்.

அவள் காப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"ஏன் நிப்பாட்ட வேணும், அண்ணை?"

"போன மாதம் எங்கடை பெடியன் ஒருத்தனுக்குக் கத்திக்குத்து விழுந்தது தெரியும்தானே?"

"தெரியும். அவன் கிடந்த வார்ட்டை நான்தான் துடைச்சனான்."

"அப்பிடியிருந்தும் பெடியளுக்குக் கத்தி விக்கிறீர்."

"ஆர் சொன்னது?"

யோசேப்பு முன்னுக்கு வந்தான். "கண்டவை இருக்கினம், அக்கா. ஜக்கெட்டுக்குள்ளை கையை வைச்சுக்கொண்டு பெடியள் இஞ்சை இறங்கி வருகினமாம்."

"ஓம், வருகினம்."

"கத்தி வாங்கத்தானே?"

"குடுக்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"தாங்கள் கொண்டு திரியிற கத்தியை இஞ்சை தந்திட்டுப் போவினம். நான் நுனியை அரைச்சு மொட்டையாக்கி, பிடியை மாத்தி, மரக்கறி வெட்டுற கத்தியாக்கி விக்கிறன். பேர் கேக்கிறேல்லை. கேட்டால் ஒருத்தரும் வராயினம்."

தர்மலிங்கம் சிரித்தார். "நல்ல கதை. அப்ப ஆர் ஆர் தந்தது எண்டு சொல்லும். தாய் தேப்பனுக்குத் தெரிய வேணும். பிள்ளை வளர்க்கத் தெரியாததுகள். எனக்கும் ஒரு பெடியன் இருக்கிறான்தானே."

"சொல்லமாட்டன்."

"எழுபத்திரண்டு பேர் இந்தக் கடிதத்திலை கையெழுத்து வைச்சிருக்கினம். முதல் கையெழுத்து என்ரை. நாளைக்குக் கட்டட நிர்வாகத்திட்டைக் குடுத்தால் இந்த அறை உமக்கில்லை. பொலிசும் வரும்."

"வரட்டும். அவையளுக்கும் இதைத்தான் சொல்லுவன்."

"ஒரு பொம்பிளைக்கு இவ்வளவு பிடிவாதம் கூடாது."

"நான் விட்டால் அந்தக் கத்தியெல்லாம் திரும்ப ஜக்கெட்டுக்குள்ளை போயிடும். அறையைப் பறிச்சால் என்ரை வீட்டுக் குசினியிலை, அடுப்புக்குப் பக்கத்திலை வைச்சு அரைப்பன், அண்ணை. குசினியையும் பறிச்சால் பிறகு யோசிப்பம்."

தர்மலிங்கத்தின் கண் மேசையிலிருந்த தகரப் பெட்டியில் விழுந்தது. கையை நீட்டினார். கிருஷ்ணகுமாரி சட்டென்று மூடியின் மேல் கையை வைத்தாள். முதல் தடவையாக அவளுடைய குரல் தணிந்தது.

"இதை மட்டும் திறக்காதேங்கோ. கடிதத்தைக் குடுங்கோ, பொலிசைக் கூப்பிடுங்கோ. இதை விடுங்கோ."

"பாத்தியே யோசேப்பு, இப்பதான் பயம் வருது."

சொல்லிக்கொண்டே பெட்டியை இழுத்துக் கவிழ்த்தார்.

பத்துப் பன்னிரண்டு கத்திகள் மேசையில் சிதறின. மடிக்கிற கத்தி, குசினிக் கத்தி, பிடி உடைந்த ஒன்று. எல்லாம் இன்னும் அரைக்காதவை. அவற்றில் நீளமான, மெல்லிய அலகுள்ள ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார் தர்மலிங்கம்.

அலகின் ஓரிடத்தில் அவருடைய பெருவிரல் நின்றது.

யோசேப்பு எட்டிப் பார்த்தான். "என்னண்ணை, அலகிலை ஏதோ எழுத்துக் கிடக்குப் போலை. பேரோ? வாசியுங்கோ. இப்பவே அந்த வீட்டுக்குப் போய் நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேப்பம்."

தர்மலிங்கம் அலகைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

கிருஷ்ணகுமாரி அந்தக் கத்தியை மெல்ல அவரிடமிருந்து வாங்கினாள்.

"கொம்பனிப் பேராத்தான் இருக்கும், தம்பி," என்று அரைக்கும் கல்லை ஓடவிட்டாள். பொறி பறந்தது.

தர்மலிங்கம் யோசேப்பின் கையிலிருந்த கடிதத்தை எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நாளைக்குக் குடுக்கேல்லையோ, அண்ணை?"

"இல்லை."

யோசேப்புக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கல்லில் அழிந்துகொண்டிருந்தது, முன்பு நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், தன் கத்தி மாறிவிடக் கூடாதென்று தர்மலிங்கம் தானே கீறி வைத்த அவருடைய பெயர்.