ஒட்டிக்கொண்ட ரிலே

நார்வேயின் ட்ரோம்சோ நகரத்து ரேடியோ கடையில் ஏய்விந்த், அந்தப் படகு ரேடியோவைத் திறந்து வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தான். தீவிலிருந்து அதைக் கொண்டுவந்த தோர்திஸ் எதிரே நின்றாள்.

"மொத்தமும் செத்துப்போச்சுன்னு சொல்லுங்க."

"ஏன், புது செட் வாங்க உங்க வீட்டுக்காரர் சாக்கு தேடுறாரா?" அவன் சிரித்தான். "இதோ, இந்த ரிலேதான் கோளாறு. பேசுறதுக்கு பட்டனை அழுத்தினதும் இது ஆன்டெனாவைக் கேட்கிற பக்கத்துலேர்ந்து பேசுற பக்கத்துக்கு மாத்தணும். மாத்தாம கேட்கிற பக்கமே ஒட்டிக்கிட்டு நின்னுடுச்சு. பழைய செட்டுலேர்ந்து ஒண்ணு கழட்டிப் போட்டா சரியாயிடும்."

"அப்போ கேட்கிறதும் வேலை செஞ்சிருக்காதுல்ல?"

"அதெல்லாம் அருமையா இருக்கு! கரையிலேர்ந்து நீங்க பேசியிருந்தா படகுல மணி மணியாக் கேட்டிருக்கும். பதில்தான் சொல்லியிருக்க முடியாது."

தோர்திஸ் ரேடியோவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போன மாசப் புயலுக்கப்புறம் படகு மட்டும்தான் கிடைச்சது, அவர் கிடைக்கலை. அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை. பதில் வரலைன்னதும், கோவத்துல பேசாம இருக்கார்னு நினைச்சுட்டேன். வீட்டு ரேடியோவுல கத்தினேன்."

"என்னன்னு?"

"என்கிட்ட பேசலைன்னா வீட்டுக்கே வர வேண்டாம்னு."