புறவாசல் கால்தடம்

"எனக்க வீட்டுக்குள்ள நான் போறதுக்கு ஒங்க உத்தரவு வேணுமா ஏட்டையா?"

வடிவாம்பாள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஏட்டு ஜெபமணி வாசற்படியில் லத்தியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்பம் போகப்பிடாதும்மா. நாகர்கோவில்ல இருந்து இன்ஸ்பெக்டர் ஏமான் வரட்டும்."

"வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். நகை எல்லாம் மச்சுல பெட்டிக்குள்ள இருக்கு. இருக்கா, போச்சான்னு ஒரு பார்வை பாத்துட்டு வந்துருதேன். ஒரு சாமானையும் தொட மாட்டேன்."

"பாக்கவும் பிடாது."

கல்யாணத்துக்கு அழைக்கப் போன குடும்பம், மழை பிடித்துக்கொண்டதால் பூதப்பாண்டியில் சொந்தக்காரர் வீட்டிலேயே ராத்தங்கிவிட்டுக் காலையில்தான் வண்டி கட்டித் திரும்பியது. முன்வாசல் பூட்டு அவர்கள் போட்டபடியே கிடந்தது. திறந்து உள்ளே போனால் புறவாசல் கதவு பெயர்ந்து கிடக்கிறது, சாமான்கள் எல்லாம் இறைந்து கிடக்கின்றன. வடிவாம்பாள் அலறியடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தாள். மச்சுப் பெட்டியின் ஞாபகமே பிறகுதான் வந்தது. அதற்குள் ஏட்டு வந்துவிட்டார்.

வந்தவர் முதலில் நல்லபடியாகத்தான் பேசினார். தனியாகப் புறவாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதோடு ஆள் மாறிப்போனார். முன்கதவைச் சாத்திப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுத் தங்கையனோடு தெருமுனை வரை நடந்துபோய், ஏதோ சொல்லிச் சைக்கிளில் அனுப்பினார். பிறகு நாலு பேரைப் புறவாசலுக்கு ஓரமாகவே நடத்திக் கூட்டிப்போய், பெயர்ந்த கதவை நிமிர்த்தி வைத்து உரலை உருட்டி முட்டுக்கொடுக்கச் சொன்னார். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உள்ளே புகுந்து தடயத்தைக் கலைத்துவிடுமாம்.

"நம்மளைத் தொடப்பிடாதுன்னு சொல்லிட்டு இவரு மட்டும் எல்லாத்தையும் தொடுதாரே" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

புறவாசல் சேற்றில் கால்தடங்கள் இருந்தன. அக்கம்பக்கத்தில் கடவம் என்னும் ஓலைக்கூடைகளை வாங்கி ஒவ்வொரு தடத்தின் மேலும் கவிழ்த்தார் ஏட்டு.

"திருவனந்தபுரத்துல, மகாராஜா சர்க்கார்ல இருந்து ஆளு வந்து, சாந்து ஊத்தி அச்சு எடுப்பாவ. வே, நாலு மூலைக்கும் ஆள் நில்லுங்க. கையில நல்ல கம்பா வச்சுக்கிடுங்க. ஆடு, கோழி வந்து மிதிச்சிரப்பிடாது, கேட்டேளா?"

"கோழி விரட்ட உலக்கை வேணுமா ஏட்டையா?"

கூட்டம் சிரித்தது.

"இருந்தா அதையும் எடுத்துக்க" என்றார் ஏட்டு. அவர் சிரிக்கவில்லை.

மறுபடியும் வாசலுக்கு வந்து, "கள்ளன் இந்நேரம் மலை ஏறியிருப்பான்! இனி நமக்குத் தடயம்தான் முக்கியம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பக்கத்தில் நின்ற கணபதியப்பன் திடுக்கிட்டு விலகினார். வீட்டுக்காரர் அவர்தான் என்றாலும் அந்த வீட்டில் பேசுவது வடிவாம்பாள்தான்.

வெயில் ஏறியது. வேப்பமரத்தடியில் மகள் அழகியநாயகி அழுது அழுது கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். வடிவாம்பாள் அவளைப் பார்ப்பதும் பூட்டைப் பார்ப்பதுமாக இருந்தாள். நகை இல்லை என்றால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பந்தலுக்கே வரமாட்டார்கள். பெட்டி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தாலாவது மேற்கொண்டு அழலாம், ஓடலாம், யார் காலிலாவது விழலாம்.

திடீரென்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்தால் அதை மனதில் வைத்துக்கொள்கிறவளா அவள்?

"தனியா பொறவாசலுக்குப் போனது ஆரு? சாவியை எடுத்துப் பையில போட்டது ஆரு? வீட்டுக்காரியைப் பாக்க விடாம நிக்கியது ஆரு? சொல்லுங்க எல்லாரும்!"

"சும்மா இரு பிள்ளே" என்றார் கணபதியப்பன் பயந்துபோய்.

ஆனால் கூட்டத்துக்கு அது நியாயமாகப்பட்டது. சிரிப்பு நின்று முணுமுணுப்பு எழுந்தது. ஜெபமணிக்கு அந்தக் காற்றிலும் வேர்த்துக் கொட்டியது. அவர் கண்ணைக் கூட்டத்துக்கும் ஓட்டுக்கூரைக்குமாக மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"சாவியைத் தாரும்!" வடிவாம்பாள் பாய்ந்து லத்தியைப் பிடித்து இழுத்தாள். ஏட்டு அவளைத் தள்ளிவிட்டார். அவள் படியில் சரிந்து விழுந்தாள்.

"பொம்பளையைத் தள்ளுதீரா வே!"

புறவாசலில் காவல் நின்றவர்கள்கூடக் கம்போடு முன்பக்கம் ஓடிவந்தார்கள். அப்போதுதான் ஜெபமணி உண்மையாகவே ஆடிப்போனார்.

"ஐயோ, அங்கேயே நில்லுங்க! ஒங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன், அந்த மூலையை விட்டு வராதீங்க!"

போலீஸ்காரர் கும்பிட்டு அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. வந்தவர்கள் திகைத்துத் திரும்பிப் போனார்கள்.

சற்று நேரத்தில் போலீஸ் வண்டி வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கியதுமே எரிந்து விழுந்தார்.

"ஒரு வீட்டுக் களவுக்குத் துப்பாக்கியோட ஆறு பேரைக் கூட்டிட்டு வரணும்னு சொல்லிவிட்டிருக்கீரே, ஒமக்குக் கிறுக்கா?"

"இந்தப் பக்கம் வாங்க ஏமானே."

ஏட்டு அவரைப் புறவாசலுக்குக் கூட்டிப்போனார். நியாயம் கேட்க வடிவாம்பாளும் பின்னாலேயே போனாள். ஜெபமணி குனிந்து கடவங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.

"அதான் தடம் நல்லா இருக்கே. பிறகு என்ன?"

காலையிலிருந்து முதல்முறையாக ஜெபமணி குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள போன தடம் எல்லாம் இருக்கு ஏமானே. வெளிய வந்த தடம்தான் ஒண்ணுகூட இல்ல."