ராணிக்குப் போட்ட ஊசி

மரிய செல்வி டீச்சர் வீட்டுக் கேட்டில் கை வைத்த டாக்டர் நாராயணன், அதைத் திறக்காமல் நின்றார். உள்ளே கோழிகள் பயமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

"இப்பப் போயி எதுக்கு சார்? திரும்பிப் போயிருவோம்" என்றார் பின்னால் நின்ற இருளாண்டி. டாக்டரின் கால்நடை கிளினிக்கில் பதினாறு வருடமாக உதவியாளராக இருப்பவர். ஆவூர் வரும் வழியெல்லாம் பைக்கின் பின்னால் உட்கார்ந்து இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

"இல்ல இருளாண்டி. சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

போன சித்திரையில் டீச்சர் தன் நாய் ராணியைக் கிளினிக்குக்குத் தூக்கி வந்தார். ஒரு வயதாகியும் அது குட்டி போலவே இருந்தது. கறியோ மீனோ தின்றால் போதும், எச்சில் வடிய ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். பிறகு சுவரில் தலையை முட்டுக்கொடுத்து நிற்கும்.

மூளைக் கோளாறு, இனித் தேறாது என்றார் டாக்டர். வலியில்லாமல் அனுப்பிவிடுவதுதான் நல்லது என்று ஊசியையும் எடுத்து வைத்தார். வேறு ஏதாவது பரிசோதனை செய்து பார்க்கலாமா என்று டீச்சர் கேட்டதற்கு, இங்கே யார் டாக்டர் என்று எரிந்து விழுந்தார்.

அதற்குள் கீரனூர்ப் பக்கம் ஒரு பசு கன்று ஈன முடியாமல் கிடப்பதாகப் போன் வந்தது. ஊசியை இருளாண்டியிடம் ஒப்படைத்துவிட்டு அவர் கிளம்பிப் போனார். மாலையில் திரும்பி வந்து கேட்டபோது, "நான் பாத்துக்கிட்டேங்க சார்" என்றார் இருளாண்டி. அதன் பிறகு டாக்டர் ராணியை மறந்தே போனார்.

போன வாரம் திருச்சியில் கால்நடை மருத்துவர்கள் கூட்டம். அதில் ஒரு சர்ஜன் பேசினார். சில நாய்களுக்குப் பிறவியிலேயே, குடலிலிருந்து வரும் ரத்தம் ஈரலுக்குள் போகாமல் வேறு குழாய் வழியாகத் தப்பிவிடுமாம். ஈரல் சுத்தம் செய்ய வேண்டிய விஷம் அப்படியே மூளைக்கு ஏறும். ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

அவர் சொன்ன ஒவ்வொரு அறிகுறியும் ராணியிடம் இருந்தது. டாக்டர் நாராயணன் மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் எழுந்து வந்துவிட்டார். மறுநாள் இருளாண்டியிடம் சொன்னபோது அவர் முகமும் வெளுத்துப்போனது. அவருக்கும் மனசு உறுத்துகிறது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

டீச்சர் கதவைத் திறந்து, இருவருக்கும் நாற்காலி போட்டார். டாக்டர் உட்காரவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்க்க முடியாமல், தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். தான் அவசரப்பட்டது, ஒரு ஸ்கேன்கூட எடுக்கச் சொல்லாதது, கேள்வி கேட்டவரை அதட்டியது.

"சாக வேண்டிய நாய் இல்லம்மா அது. அந்தக் குழாயில ஒரு சின்ன வளையத்த மாட்டி..."

"தெரியும் சார். அந்த வளையம் உள்ளுக்குள்ள வீங்கி, அஞ்சாறு வாரத்துல குழாயக் கொஞ்சங் கொஞ்சமா மூடிரும். ஒரேயடியா அடைச்சாத்தான் ஆபத்து" என்றார் டீச்சர் மெதுவாக.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். கணக்கு டீச்சருக்கு இது எப்படித் தெரியும்? நாய் போன துக்கத்தில் தேடித் தேடிப் படித்திருப்பார் என்று தோன்றியதும் இன்னும் கூனிக்குறுகிப் போனார்.

"என்னை மன்னிச்சிருங்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

டீச்சர் பதறிப்போனார். கதவோரம் தலைகுனிந்து நின்ற இருளாண்டியைப் பார்த்துக் கேட்டார்:

"நீங்க அன்னிக்கு ஊசியே போடலைங்கிறத சாருகிட்ட இன்னும் சொல்லலையாண்ணே?"