கீழ் மலாக்காவின் கடைசி அத்தியாயம்

"அவன் மேல வந்துடுவானா, மாட்டானா? அத மட்டும் மொதல்ல சொல்லிடு ருக்மணி. எனக்குக் கை ஓடல."

தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டுக் கேட்டார் பொன்னுதுரை. கடை முழுக்கச் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகத் துணி இறைந்து கிடந்தது. மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு இன்னும் ஆறே நாள். காஜா பெராங் தெருவெல்லாம் கட்டவேண்டிய புதுக் கொடிகள் பாதிகூட முடியவில்லை.

"மொதல்லயே சொல்லிட்டா கதை எதுக்குண்ணே?" ருக்மணி சிரித்தாள். சிரிப்பு உதட்டைத் தாண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்ததும் அவள் உரக்க வாசிப்பாள். பொன்னுதுரையும் பூங்காவனமும் கேட்டுக்கொண்டே தைப்பார்கள். ஏழு மாதமாக இதுதான் கடை வழக்கம். தொடர்கதையின் பெயர் 'கீழ் மலாக்கா'. எழுதுகிறவர் பெயர் 'ஆழியன்' என்று போட்டிருக்கும். ஆள் யார், எந்த ஊர், யாருக்கும் தெரியாது.

ஆற்றுக்கு அடியில் இன்னொரு மலாக்கா. தெருக்கள் உண்டு, சூரியன் கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் போய்த் திரும்பாதவர்கள் எல்லாம் அங்கேதான் குடியிருக்கிறார்கள். ஆளுக்கொரு விளக்கு. மேலே இருப்பவர்கள் ஒருவரின் பெயரை மறந்த அந்த நொடியில், கீழே அவருடைய விளக்கு அணையும். அணைந்தவர் சேறாகிப் போவார். அந்த இருட்டில் ஒரு படகோட்டி, மேலே வரும் படிக்கட்டைத் தேடி அலைகிறான்.

"என்னமா எழுதறான் மனுஷன்! கேக்கறப்பவே கால்ல சேறு ஒட்டற மாதிரி இருக்கு லா" என்றார் பொன்னுதுரை. "சிங்கப்பூர்ல பெரிய உத்தியோகத்துல இருக்கிற ஆளாத்தான் இருக்கணும். நம்ம ஊர்ல யாருக்கு இவ்வளவு மண்டை?"

மூலையில் குனிந்து மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொண்டிருந்த பூங்காவனம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்கு ஊசிக் காது தெரியும், எழுத்து தெரியாது" என்பாள் அவள் எப்போதும். கணவன் நல்லையாவைச் சயாமுக்குப் பிடித்துப் போய்ப் பதினாலு வருஷம். கடிதாசும் இல்லை, சேதியும் இல்லை. அவள் நெற்றிக் குங்குமம் மட்டும் ஒரு நாளும் கலைந்ததில்லை.

படகோட்டி இடது காலை இழுத்து இழுத்து நடப்பான் என்று வந்த வாரம், "எங்க வீட்டுக்காரரும் அப்பிடித்தான் நடப்பாரு" என்றாள். அதிலிருந்து கடையில் எல்லோருக்கும் அந்தப் படகோட்டி நல்லையாதான். ருக்மணி வாசிக்கும்போது பூங்காவனத்தின் உதடு தானாக அசையும். "அந்த எடத்துல கொஞ்சம் நிறுத்திப் படி ருக்கு. என்ன அவசரம்?" என்பாள்.

இன்று கடைசி அத்தியாயம். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வரும் வழியிலேயே பத்திரிகையை வாங்கி, பொறுக்கமாட்டாமல் வெயிலில் நின்று படித்துவிட்டாள் ருக்மணி. கீழ் மலாக்காவுக்குள் ஆறு புகுந்துவிட்டது. விளக்குகள் அணைந்துவிட்டன. படகோட்டி, பெண்டாட்டி பெயரைச் சொல்லிக்கொண்டே முழுகிப் போனான். முற்றும்.

இதைப் பூங்காவனம் அக்காவின் முகத்துக்கு நேரே எப்படி வாசிப்பது?

தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினாள். பாதிவரை தாளில் இருந்ததையே வாசித்தாள். வெள்ளம் வரும் இடத்தில் கண்ணைத் தாளிலேயே வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"படகோட்டியின் கைக்குப் படிக்கட்டு தட்டுப்பட்டது. ஏறினான். ஏறிக்கொண்டே இருந்தான். மேலே வந்ததும் வெயிலில் கண் கூசியது. தெருவெல்லாம் புதுக் கொடி. 'இது எந்த ஊரு?' என்று கேட்டான். 'நம்ம ஊருதான், கையக் கால கழுவிட்டுச் சாப்பிட வாங்க' என்றது ஒரு பெண்குரல்... முற்றும்."

பூங்காவனத்தின் ஊசி பாதித் துணியில் நின்றது.

"அடி சக்கை!" பொன்னுதுரை மேசையில் ஓங்கித் தட்டினார். "பாத்தியா, வந்துட்டான்! எழுத்தாளன்னா இவன்தான்! அந்தக் கடைசி வரி இருக்கே... குடும்மா, ஒரு தடவ என் கண்ணாலயும் பாத்துக்கறேன்."

ருக்மணி சட்டென்று பின்னால் நகர்ந்தாள். பத்திரிகையை மடியோடு அழுத்திக்கொண்டாள். "அப்பறம் பாக்கலாம்ண்ணே, கொடி கெடக்கு..."

"அட, ஒரு நிமிஷம், குடு!"

அவர் கை நீள்வதற்குள், வேறொரு கை பத்திரிகையை உருவியது. பூங்காவனம் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்தாள். கத்தரிக்கோல் நறுக் நறுக்கென்று ஓடியது. விரித்தபோது பதினோரு முனையோடு ஒரு தாள் நட்சத்திரம்.

"நட்சத்திரம் வெட்டுற அளவுத் தாள் நைஞ்சு போச்சுண்ணே. புதுசு ஒண்ணு வேணுமே."

"ஐயையோ! கதையவே வெட்டிட்டியேம்மா!" பொன்னுதுரை தலையில் கை வைத்தார். "எழுத்து தெரியாதவ பக்கத்துல பேப்பர வச்சா இப்பிடித்தான்!" முணுமுணுத்துக்கொண்டே கோப்பி குடிக்கக் கிளம்பிப் போனார்.

போன உயிர் ருக்மணிக்குத் திரும்பி வந்தது. தாள் நட்சத்திரத்தை மஞ்சள் துணிமேல் வைத்து நீவிக்கொண்டிருந்த பூங்காவனத்தைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் வழக்கம்போல நீலக் கறை. கொடித் துணியின் சாயம் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கொடித் துணி கடைக்கு வந்தே பத்து நாள்தான் ஆகிறது. கறை ஏழு மாதமாக இருக்கிறது.

"அக்கா..."

பூங்காவனம் நிமிரவில்லை. குரல் மட்டும் உடைந்து வந்தது.

"இனிமேலும் காத்திருக்கக் கூடாதுன்னு மனசக் கல்லாக்கிக்கிட்டு, மூணு வாரம் அழுது அழுது அந்த மனுஷன முழுகடிச்சு எழுதி அனுப்பினேன் ருக்கு, நீ ஒரே மூச்சுல கரையேத்திட்டியேடி!"