போட்டுரவா?

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையின் ஓர மேசையில், தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்த போனுக்குள், வீடியோ அழைப்பில், இர்ஃபானின் மனைவி சுமையா தெரிகிறாள். அவளுக்குப் பின்னால் பரமக்குடி பஸ் ஸ்டாண்டின் வெயில், பாதி தூக்கிய ஷட்டர், காபிக்கடை பிரான்சைஸ் கம்பெனிக்காரரின் முழங்கை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அவளுடைய பேனா நிற்கிறது. "என்னங்க, கையெழுத்துப் போட்டுரவா?" மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள். இர்ஃபான் மேசையில் சிந்திய பாலை விரலால் இழுத்துக்கொண்டிருக்கிறான். கடை வந்துவிட்டால் கணவனும் ஊரோடு வந்துவிடுவான் என்று அவள் நம்புகிறாள். ஒன்பது வருடச் சேமிப்பும் அதற்குள் போய்விட்டால், கடை காலூன்றும்வரை இந்த வெளிநாட்டில், இப்போது வேலை செய்யும் சுங்கை வே தொழிற்சாலையிலேயே கிடக்க வேண்டும் என்பதை அவன் இன்னும் சொல்லவில்லை. தெருவுக்கு மேலே மோனோரயில் கடகடத்துப் போகிறது. மேசைமேல் ஒரு நிழல் விழுகிறது. "அண்ணே, கோப்பி ஆறிப்போச்சு லா. வேற போடவா?" பரிமாறுகிறவனை நிமிர்ந்தும் பாராமல், "போடு" என்கிறான்.

போனுக்குள் பேனா ஓடுகிறது. இர்ஃபான் பதறிக் குனிகிறான். "சுமையா, நான் காபிக்குச் சொன்னேன்..." "காபிக்குத்தாங்க போட்டிருக்கேன்" என்று சிரிக்கிறாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்த மாசம் வர்றீங்க?" என்கிறாள். இர்ஃபானின் முழங்கைப் பக்கம் புதுக் கோப்பி நுரையோடு வந்து உட்காருகிறது, அவன் கேட்டபடியே.