மாமா நின்ற சுவர்

“அவன் பேரை எடுத்துடுங்க சார். அவன் இருந்தா எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆப்புதான்.”

கேப்டன் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். மூன்று பேர் டீமுக்கு அவள்தான் தலைவி.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “பேரை எடுத்தா அவனுக்கு இந்த வருஷமே போயிடும்மா. தெரியுமில்ல?”

“தெரியும் சார். நாளைக்கு கம்பெனிக்காரங்க பார்க்க வர்றாங்க. இன்னைக்கு வந்து சுவரே போச்சுன்னு நிக்கறான்!”

விஷயம் இதுதான். ஒரு பழைய படத்தின் வீட்டு செட்டை அப்படியே கம்ப்யூட்டர் கேமுக்குள் கட்டவேண்டும். அதுதான் கடைசி வருட புராஜெக்ட். படத்தில் அந்த வீட்டுக் கூடத்துக்கு மூன்றே சுவர். நான்காவது பக்கம் கேமரா நின்றதால் அங்கே சுவரே கிடையாது. ஆனால் கேம் ஆடுகிறவன் சும்மா இருப்பானா? திரும்பிப் பார்ப்பானே!

அந்த இல்லாத சுவர் ஆமையின் தலையில் விழுந்தது. எதிலும் அவசரப்படாதவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். படத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்தான்.

“கிளம்பும்போதெல்லாம் அந்த அப்பா இந்தப் பக்கம் பார்க்கறாரு. அப்போ இங்கதான் கடிகாரம் மாட்டியிருக்கணும்” என்பான். அந்த அம்மா இந்தப் பக்கம் பார்த்துத் தலையைச் சரிசெய்கிறாளாம், அதனால் ஒரு கண்ணாடி. இப்படியே மாதக்கணக்கில் கட்டி, போன மாதம்தான் முடித்திருந்தான்.

கேப்டனுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. எந்த அறையைத் திறந்தாலும் முதல் வேலையாக ஆள் உயரத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பொம்மையை நிறுத்தி உயரம் பார்ப்பாள். அதற்கு அவள் வைத்த பெயர் மாமா. “மாமாவுக்குத் தலை இடிக்குது, நிலையைத் தூக்குங்கடா” என்று கத்துவாள். டீமில் வேறு யாரும் மாமாவைத் தொடுவதில்லை.

வந்து பார்க்கிற கம்பெனி, பிடித்துப்போனால் டீம் தலைவரை வேலைக்கு எடுக்கும். அப்பாவுக்கு வேலை போனதிலிருந்து அவள் வீடு அந்த வேலையைத்தான் நம்பியிருந்தது.

அன்று காலையில்தான் ஆமை முகம் செத்துப்போய் வந்து நின்றான்.

“கேப்டன், என் சுவர் போச்சு. அதுமேல பழைய காப்பி சேவ் ஆயிருக்கு.”

“சேவ் ஆயிருக்கா? தானா ஆகுமா அது? வேற காப்பி இல்லையா?”

“இல்ல. நீ ஃபைலைத் திறந்து பார்த்தியா?”

“மொட்டைச் சுவர்ல என்னத்தைப் பார்க்கறது? உன் மூஞ்சியையா?”

அவன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, “சரி, என் தப்புதான்” என்றான்.

பேராசிரியர் கூப்பிட்டுக் கேட்டபோதும் அதையேதான் சொன்னான். பேரை அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தப் பக்கம் திரும்பாமல் காட்டிச் சமாளித்துவிடலாம் என்று கேப்டன் முடிவுகட்டினாள்.

மறுநாள் கம்பெனி மேடம் கூடத்தைப் பார்த்ததும் அசந்துபோனார். “குடுங்க, நானே நடந்து பார்க்கறேன்” என்று கன்ட்ரோலரை வாங்கினார். வாங்கிய கையோடு திரும்பினார்.

மொட்டைச் சுவர். அதற்கு நடுவில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாமா நின்றிருந்தார்.

கேப்டனுக்குப் போன வாரம் தன் லேப்டாப்பிலிருந்த பழைய காப்பியில் உயரம் பார்த்ததும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அதையே பொதுக் கம்ப்யூட்டரில் ஆமையின் ஃபைல் மேலேயே ஏற்றிவிட்டு ஓடியதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது.

மேடம் சிரித்தபடி மாமாவைச் சுற்றிச்சுற்றி வந்தார். கேப்டன் பக்கத்திலிருந்த சோடாபுட்டியின் கையைப் பிடித்தாள். டீமின் மூன்றாவது ஆள் அவள்.

“ஏய், ஆமை இதைப் பார்த்தானா?”

“பார்த்துட்டுதான்டி உன்கிட்டயே வந்தான்” என்றாள் சோடாபுட்டி, குரல் எழும்பாமல். “உனக்கே தெரியலைன்னு புரிஞ்சதும் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். ‘இப்போ சொன்னா உடைஞ்சுபோயிடுவா. எனக்கு ஒரு வருஷம்தான் போகும், அவளுக்கு வீடே போயிடும்’னான்.”

கேப்டனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இப்போதே ஓடிப்போய் அவன் காலைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது.

மேடம் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். “வேலை ரொம்ப நல்லாயிருக்கும்மா. இந்த ஒரு சுவரை மட்டும் யார் இப்படிக் கெடுத்தது?”

பேராசிரியர் அவளைப் பார்த்தார். சோடாபுட்டியும் பார்த்தாள்.

கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“டீம்ல ஒருத்தன் இருந்தான் மேடம். அவனை நேத்தே எடுத்துட்டோம்.”